ஒளி வழக்கில் ஒரு நீதிபதி

கண்ணாடிப் பாளத்தை வெள்ளைத்தாளின் மேல் வைத்து, இப்பக்கம் இரண்டு குண்டூசி, அப்பக்கம் இரண்டு குண்டூசி குத்தி, படுகோணத்தையும் விலகுகோணத்தையும் அளந்து, அவற்றின் சைன்களை வகுத்துப் பார்த்து, ஆய்வேட்டில் கையொப்பம் வாங்காத அறிவியல் மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். விடை 1.5க்கு அருகில் வந்துவிட்டால் மகிழ்ச்சி. வராவிட்டால் அதை வரவழைத்துவிடும் வித்தையும் நம்மில் சிலருக்குத் தெரியும்! ஸ்நெல் விதி என்ற பெயரில் நாம் ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிட்ட அந்த உண்மைக்குப் பின்னால், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்த ஒரு வழக்கு இருக்கிறது. அவ்வழக்கில் எதிர்ப்பாளராகப் புகுந்து, எதிரியின் விதியை உடைத்தெறியக் கணக்குப் போடத் தொடங்கி, கடைசியில் அதே விதியைத் தம் கையாலேயே நிறுவிய மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் பியர் தெ பெர்மா.

பெர்மாவைக் கணித மாணவர்கள் நன்கு அறிவர். ஒரு நூலின் ஓரத்தில் அவர் குறித்துவைத்த ஒரு தேற்றத்தை நிறுவ உலகம் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டது. 1994இல் ஆண்ட்ரூ வைல்ஸ் அதை முடித்துவைத்தார், 1995இல் அது அச்சேறியது என்ற கதை யாவரும் கேட்டதே. அந்தப் புகழ் அவருடைய வேறொரு பெருஞ்செயலை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். ஆகவே கடைசித் தேற்றத்தை இந்த ஒரு பத்தியோடு விட்டுவிட்டு, ஒளியோடு அவர் நடத்திய வழக்கைச் சொல்ல விரும்புகிறேன்.

தென்பிரான்சில் போமோன் தெ லோமாஞ் என்றொரு சிற்றூர். அங்கே தோல் வாணிகம் செய்து செல்வம் சேர்த்த தொமினிக் பெர்மா என்பவரின் மகனாகப் பிறந்தார் பியர். பிறந்த ஆண்டு 1601 என்றே பழைய நூல்கள் எல்லாம் சொல்லும். ஆனால் அவருடைய கல்லறை வாசகம் 1665 ஜனவரியில் ஐம்பத்தேழு வயதில் இறந்தார் என்கிறது. கணக்கு ஒத்துவரவில்லையே! 1601இல் திருமுழுக்குப் பெற்ற பியர், தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்து இளமையிலேயே இறந்துபோன குழந்தை என்றும், இரண்டாம் மனைவியின் மகனுக்கும் அதே பெயரை இட்டனர் என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் தெளிவுபடுத்தினர். ஆக, நம்முடைய பெர்மா பிறந்தது 1607 என்று கொள்வதே பொருத்தம். எண்களின் அரசன் என்று போற்றப்பட்டவருடைய பிறந்த எண்ணிலேயே நூற்றாண்டுக்கணக்கில் பிழை இருந்தது வேடிக்கைதான்.

அவர் ஓர்லியான் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். 1631இல் துலூஸ் நகரின் உயர்நீதிமன்றத்தில் ஆலோசகர் பதவியை விலைக்கு வாங்கினார். விலைக்கா என்று திடுக்கிட வேண்டாம். அக்காலப் பிரான்சில் நீதிபதிப் பதவிகள் வீடு வாசல் போல விற்கப்பட்டன, வாங்கப்பட்டன. அதுவே அரசனுக்கு வருவாய். பதவியோடு பெயரில் 'தெ' என்ற மேன்மக்கள் ஒட்டும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் லூயிஸ் தெ லோங் என்ற உறவுப்பெண்ணை மணந்தார். அதன்பின் முப்பத்துநான்கு ஆண்டுகள் மனுக்களைப் படிப்பதும், சாட்சியங்களை ஆராய்வதும், தீர்ப்பு எழுதுவதுமே அவருடைய அன்றாடப் பிழைப்பு. 1650களின் தொடக்கத்தில் கொள்ளைநோய் பரவியபோது அவரையும் அது தாக்கியது. அவர் இறந்துவிட்டார் என்று நண்பர் ஒருவர் வெளிநாட்டு அறிஞர் ஒருவருக்கு எழுதியும் விட்டார். பிறகு, இல்லை, பிழைத்துக்கொண்டார் என்று மறுகடிதம் எழுத வேண்டியதாயிற்று.

கணிதம் அவருக்கு ஓய்வுநேர இன்பம். நூல் எழுதி அச்சிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு அறவே இல்லை. கண்டுபிடித்ததைக் கடிதமாக எழுதுவார். அக்கடிதம் பாரிசில் மெர்சென் பாதிரியாரின் கைக்குப் போகும். அவர் அதைப் படியெடுத்து ஐரோப்பாவில் உள்ள அறிஞர்களுக்கெல்லாம் அனுப்புவார். அறிவியல் இதழ்கள் தோன்றாத அந்நாளில் அந்தத் துறவியின் அறையே ஒரு அஞ்சல் நிலையமாக இருந்தது. 1636இல் இத்தொடர்பு ஏற்பட்டது. மறு ஆண்டே வழக்கும் பிறந்துவிட்டது.

வழக்கைச் சொல்லுமுன் வழக்கின் பொருளைச் சொல்லிவிட வேண்டும். காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒளிக்கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது. எவ்வளவு வளைகிறது? இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இதற்கு ஓர் அட்டவணை தந்தார். படுகோணம் 10 பாகை என்றால் விலகுகோணம் 8; 20க்கு 15½; 30க்கு 22½; 40க்கு 29; 50க்கு 35; இப்படியே 80க்கு 50 வரை போகிறது. இவ்வெண்களின் வித்தியாசங்களை எழுதிப்பாருங்கள்: 7½, 7, 6½, 6... ஒவ்வொரு படியிலும் மிகச்சரியாக அரைப் பாகை குறைகிறது. இயற்கை இவ்வளவு ஒழுங்காக அளவு கொடுக்குமா? தாலமி அளந்தவற்றை ஒரு சூத்திரத்துக்குள் அடக்கித் தட்டிச் சமன் செய்துவிட்டார் என்றே தோன்றுகிறது. ஆய்வேட்டில் விடையை வரவழைக்கும் வித்தைக்கு வயது ஆயிரத்தெண்ணூறுக்கு மேல் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்! 60 பாகை வரை அவருடைய எண்கள் உண்மைக்கு மிக அருகில் நிற்கின்றன. 80 பாகையில்தான் இரண்டு பாகைக்கு மேல் தவறிவிடுகின்றன.

சரியான விதி கோணங்களில் இல்லை, கோணங்களின் சைன்களில் இருக்கிறது. பாக்தாதில் இபின் சால் என்பவர் 984ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஒரு நூலில் அவ்விதிக்குச் சமமான வரைபடம் இருக்கிறது. ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்து, வெளியிடாமலே இறந்தார். ஆலந்து நாட்டின் லைடன் நகரப் பேராசிரியர் ஸ்நெல் 1621இல் கண்டறிந்தார், அவரும் அச்சிடவில்லை, 1626இல் மறைந்தார். பேரறிஞர் கெப்ளர் முயன்றும் அகப்படவில்லை. அதை முதன்முதலில் அச்சேற்றியவர் டெக்கார்ட். 1637இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலோடு இணைந்திருந்த ஒளியியல் கட்டுரையில் அது இடம்பெற்றது.

டெக்கார்ட் விதியைச் சொன்னதோடு நிற்கவில்லை, காரணமும் சொன்னார். அவர் சொன்ன உவமை ஒரு பந்து. பந்தாட்டக்காரன் அடித்த பந்து ஒரு மெல்லிய துணியைக் கிழித்துக்கொண்டு போகிறது. துணிக்கு இணையான திசையில் அதன் வேகம் மாறாது. குறுக்குத் திசையில்தான் மாறும். இதிலிருந்து இரண்டு சைன்களின் விகிதம் மாறாதது என்று வந்துவிடும். ஆனால் ஒரு சங்கடம். துணியில் வேகம் குறைந்த பந்து செங்குத்துக்கோட்டை விட்டு விலகும். ஒளியோ நீரில் புகும்போது செங்குத்துக்கோட்டை நெருங்குகிறது. ஆகவே எல்லைப் பரப்பில் பந்துக்கு இன்னொரு அடி விழுவதாக வைத்துக்கொண்டார் டெக்கார்ட். அதாவது, நீரிலும் கண்ணாடியிலும் ஒளி காற்றில் செல்வதைவிட எளிதாக, விரைவாகச் செல்கிறது! மென்மையான விரிப்பில் உருளும் பந்து தயங்குகிறது, கெட்டியான மேசையில் தடையின்றி ஓடுகிறது அல்லவா, அதுபோல என்று விளக்கமும் தந்தார். இதில் இன்னொரு விந்தை, ஒளி ஒரு கணமும் எடுத்துக்கொள்ளாமல் எங்கும் பரவுகிறது என்பதும் அதே டெக்கார்டின் கொள்கை. நேரமே எடுக்காத ஒன்றுக்கு வேகம் கூடுவது எங்ஙனம், குறைவது எங்ஙனம்?

இக்கட்டுரை மெர்சென் வழியாகத் துலூசுக்கு வந்தது. பெர்மா அதை நீதிபதியின் கண்கொண்டு படித்தார். சாட்சி சரியில்லை என்று பட்டது. வேகத்தை இணைத்திசை, குறுக்குத்திசை என்று இரண்டாகப் பிரித்தீர்கள், சரி. ஆனால் அந்தப் பிரிவையே ஏன் தேர்ந்தீர்கள், எண்ணற்ற வேறு திசைகளிலும் பிரிக்கலாமே என்பது அவருடைய முதல் தடை. உவமை வேறு, நிரூபணம் வேறு என்பது இரண்டாவது. மறுப்பை அடக்கமாகவே எழுதினார். ஆனால் டெக்கார்டோ தம்மை மறுப்பவரை எளிதில் மன்னிப்பவர் அல்லர். 1638இல் அவர் பெர்மாவின் சிறுமம், பெருமம் காணும் முறையைத் தாக்கி எழுதினார். பாரிஸ் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். முடிவில் பெர்மாவின் முறையே நின்றது. டெக்கார்டும் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். ஒளி பற்றிய பேச்சு அத்துடன் அடங்கிப்போயிற்று. 1648இல் மெர்சென் மறைந்தார். 1650இல் டெக்கார்ட் சுவீடன் நாட்டுக் குளிரில் உயிர்நீத்தார். எதிர்க்கட்சிக்காரரே போய்விட்ட பின் வழக்குத் தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

1657இல் கியூரோ தெ லா ஷாம்பர் என்ற அரச மருத்துவர் ஒளியைப் பற்றித் தாம் எழுதிய நூலைப் பெர்மாவுக்கு அனுப்பினார். இயற்கை எப்போதும் மிகக் குறுகிய வழியையே மேற்கொள்ளும் என்ற பழங்கொள்கையை அதில் எடுத்தாண்டிருந்தார். அலெக்சாந்திரியாவின் ஈரோன் காலத்திலிருந்தே கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பதற்கு இக்காரணம் சொல்லப்பட்டு வந்தது. எதிரொளிப்புக்குச் சரி; ஒளிவிலகலுக்கு ஒத்துவருமா? குறுகிய வழி நேர்கோடு ஆயிற்றே, ஒளி வளைகிறதே! இங்கேதான் பெர்மாவின் அறிவு மின்னிற்று. தூரத்தைச் சுருக்க வேண்டாம், நேரத்தைச் சுருக்கிப் பார்ப்போம் என்றார். அடர்ந்த ஊடகம் ஒளியைத் தடுக்கும், ஆகவே அங்கே அது மெதுவாகச் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மெதுவான பகுதியில் குறைவாகவும் விரைவான பகுதியில் கூடுதலாகவும் செல்லும் வளைந்த வழியே நேரத்தில் குறைந்த வழியாகும்.

இதை நம் கண்ணுக்குப் பழகிய ஒன்றைக் கொண்டு எண்ணிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு வரப்பு, இப்பக்கம் காய்ந்த தரை, அப்பக்கம் உழுத சேறு. தரையில் வரப்பிலிருந்து 30 அடி தள்ளி நிற்கிறீர்கள். சேற்றுக்குள் 40 அடி உள்ளே, பக்கவாட்டில் 70 அடி தள்ளி, ஒருவருக்குச் சோறு கொண்டு போக வேண்டும். தரையில் விநாடிக்கு 4 அடி நடப்பீர்கள். சேற்றில் 3 அடி. வரப்பை எந்த இடத்தில் கடப்பது? நேர்கோட்டில் போனால் வரப்பின் 30ஆவது அடியில் கடப்பீர்கள். ஆகும் நேரம் 29.46 விநாடி. சேற்று நடையை மிகவும் குறைக்கிறேன் என்று 70ஆவது அடி வரை தரையிலேயே போனால் 32.37 விநாடி. 50ஆவது அடியில் கடந்தால் 29.48. நாற்பதாவது அடியில் கடந்தாலோ 29.17, இதற்குக் குறைந்து எந்த வழியும் இல்லை. 39ஆவது அடியில் கடந்து பாருங்கள், 41ஆவது அடியில் கடந்து பாருங்கள். இரண்டிலும் கூடுதலாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குதான்.

பெர்மாவின் முறைக்கு உயிர்நாடி இந்தக் கடைசிச் செய்தியே. சிறுமத்துக்கு அருகில் சற்றே நகர்ந்தால் மதிப்பு மாறுவதே இல்லை என்று சொல்லலாம். 40ஆவது அடியிலிருந்து ஓரடி நகர்ந்தால் தரையில் 0.8 அடி கூடுகிறது, அதற்கு 0.2 விநாடி செலவு. சேற்றில் 0.6 அடி குறைகிறது, அதனால் 0.2 விநாடி மிச்சம். வரவும் செலவும் சரிக்குச் சரி. அந்த 0.8தான் படுகோணத்தின் சைன், அந்த 0.6தான் விலகுகோணத்தின் சைன். ஒன்றை 4ஆல் வகுத்தாலும் மற்றதை 3ஆல் வகுத்தாலும் ஒரே எண் வருகிறது. ஆகவே இரண்டு சைன்களின் விகிதம் இரண்டு வேகங்களின் விகிதமே. எந்தக் கோணத்தில் ஒளி விழுந்தாலும் மாறாது. இந்த 4க்கு 3 என்ற விகிதத்தை நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை; அது நீரின் ஒளிவிலகல் எண்.

இன்று வகுப்பில் நாம் இக்கணக்கை ஐந்தாறு வரிகளில் முடித்துவிடுகிறோம். நேரத்துக்கு ஒரு சமன்பாடு, அதன் வகைக்கெழு பூச்சியம், அவ்வளவே. பெர்மாவின் மேசையில் வகைநுண்கணிதம் இல்லை. அவர் கணக்கைப் போட்ட நாளில் நியூட்டன் கேம்பிரிட்ஜில் அப்போதுதான் சேர்ந்திருந்த மாணவர். லைப்னிட்சு பதினைந்து வயதுச் சிறுவர். நான்கு வர்க்கமூலங்கள் ஒரே சமன்பாட்டில் வந்து நின்று வழிமறித்தன. 1657இல் கொள்கையைச் சொன்னவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கணக்கைத் தொடாமல் காலம் கடத்தியதற்கு இக்கடினமும் ஒரு காரணம் என்று அவரே தெரிவித்திருக்கிறார். மற்றொரு காரணம் ஐயம். டெக்கார்டின் விதி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். பொய்யான வாதத்திலிருந்து மெய்யான முடிவு எப்படி வரும்? ஆனால் அளந்து பார்த்தவர்களோ, குறிப்பாகப் பெத்தீ என்ற நண்பர், டெக்கார்டின் விகிதம் சோதனையோடு ஒத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தனர். தம்முடைய கொள்கையிலிருந்து வேறொரு விதி வந்து, அது சோதனைக்கு முரணாக இருந்துவிட்டால்? இதற்கிடையில் 1658இல், டெக்கார்டின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டுக்கொண்டிருந்த கிளெர்செலியே என்ற சீடர் பழைய சண்டையை மீண்டும் கிளப்பினார். இறந்த ஆசானுக்காக அவர் எழுதிய கடிதங்களுக்குப் பெர்மா பொறுமையாக மறுமொழி தந்தார்.

கடைசியில் லா ஷாம்பர் விடாமல் வற்புறுத்தவே, 1661இன் இறுதியில் பெர்மா பேனாவை எடுத்தார். முறையைத் திறமையாகச் செலுத்தி வேண்டாத உறுப்புகளை அடித்துத் தள்ளினார். விடை வந்தது. தாம் எதிர்பார்த்த புது விதியல்ல. இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தாம் மறுத்துவந்த டெக்கார்டின் அதே விதி! நம்ப முடியாமல் மறுபடியும் போட்டார், பலமுறை போட்டார். ஒவ்வொரு முறையும் அதே விடை. 1662 ஜனவரி முதல் நாளிட்டு லா ஷாம்பருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வளவையும் ஒளிக்காமல் தெரிவித்தார். தம் வியப்பையும் அதில் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் நான் சற்று நின்று ஒன்று சொல்ல வேண்டும். பெர்மாவின் இடத்தில் வேறொருவர் இருந்தால் என்ன செய்திருப்பார்? கணக்குத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். அவரைக் கேட்பார் யார்? வெளியே ஒரு உயிருக்கும் தெரியாது. எதிரியோ இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எதிரியின் கட்சிக்காரர்களோ உயிரோடு, உரத்த குரலோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உங்கள் ஆசானின் விதி சரிதான், நான் மறுத்தது விதியைப் பொறுத்தமட்டில் பொருந்தாது என்று சொல்ல எத்துணை மனவலிமை வேண்டும்! அதே சமயம் முழுச்சரணாகதியும் அடையவில்லை. விதி சரி, காரணம் தவறு என்று நின்றார். தீர்ப்பு எழுதிப் பழகிய கை அல்லவா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகின்றனர். டெக்கார்டின் வழியில் வந்தால், நீரில் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதைப்போல் மூன்றில் நான்கு பங்கு. பெர்மாவின் வழியில் வந்தால், நான்கில் மூன்று பங்கு. ஒன்று கூடுதல், மற்றது குறைவு, நேர் எதிர். ஆனால் இரண்டும் தரும் கோணங்கள் ஒன்றே. ஆகவே கண்ணாடிப் பாளத்தையும் குண்டூசியையும் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் அளந்தாலும் இருவரில் யார் சரி என்று சொல்லவே முடியாது. ஒளியின் வேகத்தை நீரிலும் காற்றிலும் அளந்தால்தான் முடியும். அந்நாளில் ஒளிக்கு வேகம் உண்டா என்பதே தெரியாது. டென்மார்க்கு நாட்டவரான ரோமர், வியாழனின் துணைக்கோள் மறைவதைப் பார்த்து ஒளி காலம் எடுத்துக்கொண்டே செல்கிறது என்று காட்டியது 1676இல். பெர்மா இறந்து பதினோராண்டு கழித்து!

கிளெர்செலியே 1662 மே மாதம் பதில் எழுதினார். அவருடைய தடையை அற்பமானது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இயற்கை அறிவோடும் முன்யோசனையோடும் நடப்பதில்லை, கட்டாயத்தால் நடக்கிறது. புறப்படும்போதே போய்ச்சேரும் இடத்தை அறிந்து, எல்லா வழிகளையும் ஒப்பிட்டு, குறைந்த நேர வழியைத் தேர்ந்தெடுக்க ஒளிக்கு மூளையா இருக்கிறது? இது ஒழுக்கவியல் கொள்கையே தவிர இயற்பியல் காரணம் அன்று என்பது அவர் வாதம். வரப்பு உவமையிலும் இதே ஓட்டை உண்டு. சோறு கொண்டு போகிறவருக்குப் போகுமிடம் தெரியும், கதிருக்குத் தெரியாது. பெர்மா இதற்கு எதிர்வாதம் செய்யவில்லை. இயற்கையின் அந்தரங்கத்தில் தமக்குப் பங்கு இருப்பதாகத் தாம் என்றும் சொன்னதில்லை என்றும், இயற்பியலில் பெற்ற வெற்றியை டெக்கார்டின் நண்பர்களே வைத்துக்கொள்ளட்டும், வடிவகணிதச் சிக்கலைத் தீர்த்தது மட்டும் தமக்குப் போதும் என்றும் சற்றே கிண்டல் கலந்த பணிவோடு எழுதி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதே 1662இல் ஆலந்து நாட்டு ஐசக் வாசியஸ் ஒரு நூல் வெளியிட்டு, இவ்விதி ஸ்நெலின் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது என்று அறிவித்தார். இருவர் சண்டையிட்ட விதிக்கு மூன்றாமவர் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

பெர்மாவின் உடல்நிலை அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. 1654இல் பாஸ்கலோடு கடிதம் எழுதிச் சூதாட்டக் கணக்கிலிருந்து நிகழ்தகவு இயலை உருவாக்கியவர், 1660இல் அதே பாஸ்கலை நேரில் காண விரும்பியபோது, முழுத்தூரமும் பயணம் செய்ய இயலாது, இருவரும் பாதிவழியில் சந்திக்கலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. பாஸ்கலின் உடல்நிலை அதைவிட மோசம். அச்சந்திப்பு நடக்கவே இல்லை. இரு பெருங்கணிதர்கள் முகம் பாராமலே மறைந்தனர். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலான வழக்குகளை விசாரிக்கும் மன்றம் காஸ்த்ர் நகரில் கூடிவந்தது. அங்கே பணியாற்றச் சென்றிருந்தபோது 1665 ஜனவரி 12ஆம் நாள் பெர்மா காலமானார். அவர் தம் பெயரில் ஒரு நூலும் அச்சிடாமல் போனதால், மூத்த மகன் கிளெமான் சாமுவேல்தான் ஓரக்குறிப்புகளை 1670இலும் கணிதக் கட்டுரைகளை 1679இலும் பதிப்பித்துத் தந்தையைக் காப்பாற்றினார். நல்ல பிள்ளை.

இனி வழக்கின் மிச்சம். கிளெர்செலியேயின் தடைக்கு முதல் நல்ல விடை ஹைகன்சிடமிருந்து வந்தது. ஒளி அலை என்றார் அவர். நம் என்.சி.சி. அணி கெட்டித் தரையிலிருந்து மணலுக்குள் சாய்வாக நடைபோட்டுப் புகுவதை எண்ணிக்கொள்ளுங்கள். மணலில் முதலில் கால்வைத்தவர் தயங்குவார். தரையில் உள்ளவர் அதே வேகத்தில் வருவார். வரிசை தானாகவே திரும்பும். எவரும் போகுமிடத்தை யோசிக்க வேண்டியதில்லை. 1690இல் வெளியான தம் நூலில் ஹைகன்ஸ் இவ்வாறு விதியைப் பெற்றதோடு, பெர்மாவின் கொள்கைக்கு அவர் கணக்கைவிட எளிய நிரூபணமும் தந்தார். அலைக் கொள்கைப்படி நீரில் ஒளி மெதுவாகச் செல்ல வேண்டும். பெர்மா பக்கம் ஒரு வாக்கு. ஆனால் நியூட்டன் 1704இல் ஒளியைத் துகளாகக் கொண்டு நீரில் விரைவாகச் செல்லும் என்றார்; டெக்கார்ட் பக்கம் அதைவிடக் கனமான வாக்கு. நியூட்டன் சொன்னபின் எதிர்த்துப் பேச எவருக்குத் துணிவு? ஒரு நூற்றாண்டு அப்படியே கழிந்தது.

கொள்கையைப் பிற்காலத்தார் சற்றே திருத்தியும் விட்டனர். ஒளி எப்போதும் குறைந்த நேர வழியிலேயே செல்லும் என்பது முழு உண்மையன்று. சில குழியாடிகளில் அது அதிக நேர வழியிலும் செல்லும். அக்கம்பக்கத்து வழிகளோடு ஒப்பிட்டால் நேரம் மாறாமல் நிற்கும் வழியே ஒளியின் வழி. அவ்வழிகளில் வரும் அலைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மற்ற வழிகளில் வருபவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 39ஆவது அடிக்கும் 41ஆவது அடிக்கும் நாம் கண்ட அந்த ஆயிரத்தில் மூன்று பங்கின் பொருள் இதுவே.

வேகத்தை நேரில் அளக்கும் வழியை 1838இல் அராகோ என்ற பிரெஞ்சு வானியலார் வகுத்தார்: விரைந்து சுழலும் ஒரு கண்ணாடி, காற்று வழியே வரும் கதிர் ஒன்று, நீர்க்குழாய் வழியே வரும் கதிர் ஒன்று. தாமதமாக வரும் கதிருக்குள் கண்ணாடி இன்னும் சற்றுத் திரும்பியிருக்கும். ஆகவே அதன் பிம்பம் கூடுதலாக விலகும். யோசனை அருமை, ஆனால் அராகோவின் கண்பார்வை மங்கிவிட்டது. இளைஞர்கள் செய்யட்டும் என்று விட்டுக்கொடுத்தார். லியோன் ஃபூக்கோ சிறு நீராவிச் சுழலியால் கண்ணாடியை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழற்றி, 1850இல் இரண்டு பிம்பங்களையும் கண்டார். நீர் வழியே வந்த ஒளியின் பிம்பமே அதிகம் விலகியிருந்தது. நீரில் ஒளி மெதுவாகச் செல்கிறது. இன்றைய கணக்கில் வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் என்றால் நீரில் சுமார் 2,25,000. 1853இல் ஃபூக்கோ இச்சோதனையைத் தம் முனைவர் பட்ட ஆய்வேடாகப் பாரிசில் அளித்தார். பெர்மா இறந்து அப்போது 188 ஆண்டுகள் ஆகியிருந்தன.